நிலமும் பட்டறையும்

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமாந்தரங்களில் இப்பொழுது அதிகமாக விளையும் பயிர் எது என்று ஒருவர் கேட்டால், மனைக்கல் என்றே விடை கூற வேண்டும். வில்லியனூர்ச் சாலையிலாயினும் திண்டிவனம் சாலையிலாயினும் சென்று பார்ப்போர், வரப்புகள் இடித்துச் சமன்படுத்தப்பட்டு, வர்ணம் பூசிய கற்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கும் வயல்களைக் காணலாம். விற்றவர்கள் அனைவரும் ஒரே காரணத்தையே சொல்லுகிறார்கள்: நிலத்தால் பிரயோஜனமில்லை, வைத்திருப்பதைவிட விற்பதே லாபம்.

இக்காரணத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. கடன் வாங்கி விதைத்து, கூலி கொடுத்து அறுத்து, வியாபாரி சொன்ன விலைக்கு விற்றுவிட்டு, வருஷக் கடைசியில் வெறுங்கையோடு நிற்கும் குடியானவனிடம் பூமாதேவியின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது பரிகாசமாகும். ஆயினும், நிலம் ஏன் பிரயோஜனமற்றதாயிற்று என்னும் கேள்விக்குச் சரியான விடை கண்டாலன்றிப் பரிகாரம் கிடைக்காது. நிலத்தைக் காக்கும் வேலையும், அந்நிலத்துக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் வேலையும், அது தந்த விளைவைப் பண்டமாக்கும் வேலையும் முன்னாளில் ஒரே ஊரில் கூடியிருந்தன. இன்று அம்மூன்றும் மூன்று திசைகளில் பிரிந்து போயின. இப்பிரிவே மூலகாரணம் என்பது நமது அபிப்பிராயம். ஆகையால் நிலத்தைக் காக்க விரும்புவோர் அந்நிலத்தின் மீதே ஒரு பட்டறையை ஏற்படுத்த வேண்டும். பட்டறை வைக்க விரும்புவோர் அதை நிலத்தோடு இணைத்து வைக்க வேண்டும். இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் புதுச்சேரியின் வாசலிலேயே இருக்கிறது.

மணிலாக்கொட்டை போன வழி

முதலில் நோயின் வரலாற்றைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காடு ஜில்லாவின் செம்மண் நிலங்களில் மணிலாக்கொட்டைப் பயிர் வெகு வேகமாகப் பரவிற்று. கொட்டை வண்டி வண்டியாகப் புதுச்சேரித் துறைக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறிப் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸ் நகரத்துக்குப் போயிற்று. அந்நகரத்து ஆலைகள் அதை ஆட்டி எண்ணெயாக்கின, எண்ணெயைச் சவர்க்காரமாக்கின. நம் குடியானவனுக்குக் கிடைத்தது கொட்டையின் விலை மட்டுமே. ஆட்டுகிற கூலி, எண்ணெயின் லாபம், சவர்க்காரத்தின் லாபம் யாவும் மார்ஸேல்ஸிலேயே தங்கின.

இதில் பண நஷ்டத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. கொட்டை உள்ளூர்ச் செக்கில் ஆடியிருந்தால் பிண்ணாக்கு மாட்டுக்குப் போயிருக்கும். மாட்டின் சாணம் மீண்டும் வயலுக்குப் போயிருக்கும். செக்கு கடலுக்கு அப்பால் இருந்தபடியால் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சாரமும் கடலுக்கு அப்பால் போயிற்று. பட்டறை அந்நியதேசத்திலும் நிலம் நம் தேசத்திலுமாக இருந்தால் நிலம் எப்படி இளைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. அந்நிய ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் தேதியோடு புதுச்சேரியை விட்டு நீங்கியது. பட்டறையோ இன்னும் கிராமத்துக்குத் திரும்பி வரவில்லை. முன்பு மார்ஸேல்ஸ் இருந்த இடத்தில் இன்று தூரத்து நகரங்களின் ஆலைகள் இருக்கின்றன. குடியானவனுடைய கணக்கில் இது ஒரு பேதமும் செய்வதில்லை.

செம்மண் மேட்டின் சரித்திரம்

புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில், குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை முதலிய ஊர்களைச் சூழ்ந்து ஒரு செம்மண் மேடு இருக்கிறது. விறகுக்கும் கட்டடங்களுக்குமாக அங்கிருந்த மரங்கள் வெட்டுண்டன. வெட்டிய இடத்தில் மணிலாக்கொட்டையும் வரகும் விதைக்கப்பட்டன. எஞ்சிய தழையை ஆடு மேய்ந்தது. ஐப்பசி கார்த்திகை மழை வெறும் தரையில் அறைந்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு கடலில் சேர்த்தது. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஆழமுள்ள ஓடைப் பள்ளங்கள் மேட்டைக் கூறுபோட்டன. மழைநாளில் கடல் நீர் செந்நிறமாயிற்று.

அருகிலுள்ள இரும்பை மாகாளம் பாடல் பெற்ற ஸ்தலம். கடுவெளிச் சித்தர் சாபத்தால் அப்பிரதேசம் பாழாயிற்று என்றும், தூரதேசத்தார் வந்து அதைப் பசுமையாக்குவர் என்று அவரே சாபவிமோசனம் கூறினார் என்றும் அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. சித்தர் சாபத்தை நாம் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை. கோடரியும் வெறும் ஏரும் செய்த பாவத்தைச் சாபத்தின் மீது ஏற்றுவது மனிதசுபாவம் என்று மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

1968 பிப்ரவரி 28ஆம் தேதி அம்மேட்டில் ஆரோவில் நகரத்துக்குக் கால்கோள் விழா நடந்தது. 124 தேசங்களின் மண் தாமரை வடிவமான ஒரு கலசத்தில் இடப்பட்டது. உலக ஐக்கியத்துக்கு ஒரு நகரம் அமைப்பது ஸ்ரீ அரவிந்தாசிரமத்து அன்னையின் நோக்கம். அந்நோக்கம் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைப் பற்றிப் பலருக்குப் பல அபிப்பிராயங்கள் உண்டு. அவ்விவாதம் இங்கு நமக்கு வேண்டியதன்று. அங்கு வந்து குடியேறியவர்கள் மண்ணோடு செய்த வேலையே நமக்கு வேண்டியது.

வந்தவர்கள் முதலில் நகரம் கட்டவில்லை. கட்ட முடியவில்லை என்பதே உண்மை. தலைக்கு நிழலில்லை, கிணற்றில் போதிய நீரில்லை. ஆகையால் முதலில் வரப்புக் கட்டினார்கள். சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, மண்ணை வெட்டி மேலேற்றிக் கரைகளாக்கினார்கள். ஓடைப் பள்ளங்களுக்கு இடையிடையே தடுப்பணை போட்டார்கள். ஓடிய நீர் நின்றது. நின்ற நீர் மண்ணில் இறங்கிற்று. பிறகு மரம் நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வேலமர வகை, கெட்ட மண்ணிலும் சீக்கிரம் வளர்ந்து நிழல் தந்தது. அந்நிழலில் நம் நாட்டு மரங்கள் நடப்பட்டன. அவற்றின் விதை எங்கே கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. புத்துப்பட்டு முதலிய ஊர்களில் ஐயனாருக்கு அஞ்சி ஜனங்கள் கை வைக்காமல் விட்டிருந்த கோயிற்காடுகளில் பாலையும், வீரையும், காசானும், கருங்காலியும் உயிரோடிருந்தன. நம் முன்னோர்களின் பக்தி காத்து வைத்த விதையே இன்று லட்சக்கணக்கான மரங்களுள்ள அக்காட்டுக்கு மூலதனமாயிற்று.

காட்டோடு வளர்ந்த கருவி

மரம் வளர்ந்த கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். மரத்தோடு பட்டறையும் வளர்ந்தது என்பதை அவ்வளவாக ஒருவரும் எடுத்துச் சொல்லுவதில்லை. கன்றுக்கு நீர் வேண்டும். நீர் இறைக்கக் காற்றாடி வேண்டும். காற்றாடியின் இறக்கை முறிந்தால் அதைச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இரும்பு வேலைக்குக் கொட்டகை எழுந்தது. தச்சு வேலைக்குக் கொட்டகை எழுந்தது. நாளடைவில் அவ்விரும்புப் பட்டறைகளிலேயே காற்றாடி இறைவைகள் செய்யப்பட்டன.

மற்றோர் உதாரணம் இன்னும் சிறந்தது. எந்தச் செம்மண்ணைக் கொண்டு ஒன்றும் ஆகாது என்று ஜனங்கள் கைவிட்டார்களோ, அதே மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் வைக்காமலே சுவர்க்கட்டி செய்யும் முறை அங்கு செம்மைப்படுத்தப்பட்டது. அதற்கான அழுத்து இயந்திரமும் ஆரோவிலின் ஒரு பட்டறையிலேயே செய்யப்படுகிறது. அது பல தேசங்களுக்கும் சென்றிருக்கிறது. அக்கட்டிகளால் எழுந்த விருந்தினர் நிலையம் 1992இல் ஹஸன் பாத்தி பரிசைப் பெற்றது. சூளை வேண்டாமையால் விறகு மிஞ்சுகிறது. விறகு மிஞ்சுவதால் மரம் பிழைக்கிறது. பட்டறை நிலத்தைக் காப்பது எவ்வாறு என்பதை ஒரு கட்டியைக் கையிலெடுத்தால் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே தேசாபிமானிகள் வருத்தத்தோடு சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அந்தக் கரைகளை வெட்டிய கைகளிற் பெரும்பாலானவை சுற்றுக் கிராமத்தாருடைய கைகளே. அம்மேட்டிலிருந்த நிலத்தில் பெரும் பகுதி ஒரு காலத்தில் அவர்களுக்கே சொந்தம். ஒன்றுக்கும் உதவாத பூமி என்று சொற்ப விலைக்கு விற்றார்கள். பிறகு அதே பூமியில் கூலிக்குச் சென்று அதைச் சோலையாக்கினார்கள். இன்றும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அங்கு வேலைக்குச் சென்று திரும்புகிறார்கள். கொல்லு வேலையும், தச்சு வேலையும், கட்டட வேலையும் கற்றுக்கொண்டார்கள் என்பது லாபம். நிலம் கை மாறிப் போயிற்று என்பது நஷ்டம். வந்தவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் கொடுத்துத்தான் வாங்கினார்கள், உழைத்துத்தான் காத்தார்கள். பூமி உதவாததாக இருக்கவில்லை, அதைக் காக்கும் ஏற்பாடுதான் இல்லாதிருந்தது என்பதை நம்மவர்கள் விற்ற பிறகே கண்டார்கள் என்பதுதான் நமது வருத்தம். இன்று மனைக்கல் நடுவோரும் அதே தவற்றைச் செய்கிறார்கள். மனையாகிவிட்ட வயலைத் திரும்பவும் வயலாக்க வருபவர் ஒருவரும் இரார்.

காத்த நிலத்துக்கும் ஆபத்து நீங்குவதில்லை. 2021 டிசம்பரில் நகர அமைப்புத் திட்டத்தின்படி சாலை போடுவதற்காக ஆரோவிலிலேயே மரங்கள் வெட்டப்பட்டன. வழக்கு எழுந்து, 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வேலைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பின் நியாயத்துக்குள் நாம் புகவில்லை. ஐம்பது வருஷம் வளர்த்த காட்டின் மீதும் பிளான் வரைபவர்களின் பென்சில் ஓடும் என்பதை மட்டும் நம் கிராமத்தார் நினைவில் வைக்க வேண்டும்.

காந்தியடிகள் காட்டிய வழி

நிலத்தோடு பட்டறை சேர வேண்டுமென்பது ஐரோப்பியர் நமக்குக் கற்றுத் தந்த பாடமென்று யாரும் எண்ண வேண்டாம். மகாத்மா காந்தி 1904இல் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் என்னுமிடத்தில் நூறு ஏக்கர் நிலம் வாங்கி, "இந்தியன் ஒப்பினியன்" பத்திரிகையின் அச்சுக்கூடத்தை அங்கே மாற்றினார். அச்சுக் கோப்பவர்களே நிலத்தையும் உழ வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எண்ணெய் இயந்திரம் ஓட மறுத்தது. கையால் சுழற்றும் சக்கரம் ஒன்றை முன்யோசனையாக வைத்திருந்தார்கள். கட்டட வேலைக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, எல்லாருமாகச் சுழற்றிப் பத்திரிகையை முடித்தார்கள். இயந்திரம் வேண்டாம் என்பது இதன் படிப்பினையன்று. நின்றுபோன இயந்திரத்துக்கு மாற்றும், அதைச் சீர்செய்யும் கையும் அருகில் இருக்க வேண்டும் என்பதே படிப்பினை.

1910இல் ஜோஹன்னஸ்பர்க்குக்கு 21 மைல் தூரத்தில் ஏற்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் இந்த ஏற்பாடு இன்னும் விரிந்தது. காலன்பாக் என்னும் நண்பர் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் சுமார் ஆயிரம் பழமரங்கள் இருந்தன. சத்தியாக்கிரகக் குடும்பங்கள் அங்கே வசித்தன. அவர்களில் தமிழர்கள் பலர். காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தியிடம் மற்றவர்கள் கற்றார்கள். பெட்டி முதல் பெஞ்சு வரையில் வேண்டிய சாமான்களைத் தாமே செய்துகொண்டார்கள். அப்போராட்டத்துக்குச் சோறு போட்டது அந்த நிலமும் பட்டறையும்தான். 1934இல் வர்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த தமிழர். செக்கைத் திருத்துவது, தாவர எண்ணெயில் எரியும் விளக்குச் செய்வது போன்ற காரியங்களில் அச்சங்கம் காட்டிய சிரத்தையைப் படித்தவர்கள் சிலர் பரிகசித்தார்கள். மார்ஸேல்ஸின் கதையை அறிந்தவர்கள் பரிகசிக்க மாட்டார்கள்.

செய்யும் முறை

இனிக் காரியத்துக்கு வருவோம். முதல் வேலை நீர்க் கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. பத்து சென்டிமீட்டர் பெய்தால் 4 லட்சம் லிட்டர். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியைத் தாக்கியபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அதாவது ஒவ்வொரு ஏக்கரிலும் 19 லட்சம் லிட்டர். அதில் பெரும் பங்கு வெள்ளமாக ஓடிக் கடலில் கலந்தது. அதே கடற்கரையில் நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததன் பலனாக உப்பு உட்புகுந்து வருகிறது. வானத்து நீரை வழியனுப்பிவிட்டுப் பாதாளத்து நீரைத் தேடி ஆழ்துளை போடுவதே நம்முடைய இன்றைய விவசாயமாயிருக்கிறது. ஆகையால் நிலம் வைத்திருப்பவன் முதலில் சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்த வேண்டும். தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்ட வேண்டும். மிகுதி நீர் கரையை உடைக்காமல் போகக் கல் பாவிய வழிவிட வேண்டும். வரப்பின் மேல் வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ நட்டால் மண் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, பட்டறைக் கொட்டகை. அதை மேட்டில், நீரோட்டத்துக்கு விலகி, கிழமேலாக நீளம் வைத்துக் கட்ட வேண்டும்; காலை மாலை வெயில் உள்ளே புகாது. நுண்ணிய வேலை செய்யும் மேஜைக்கு வடபுறத்து வெளிச்சம் உகந்தது. உலையை வைக்கோற்போருக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் தூரத்தில் தனியாக அமைத்து, பக்கத்தில் மணலும் நீரும் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இழுப்பவர்கள் நிலக்கம்பி இறக்காமல் எந்த இயந்திரத்தையும் ஓட்டலாகாது. மழைக்காலத்தில் ஈரத்தரையில் நின்று பற்றவைப்பு வேலை செய்து உயிரிழப்போர் செய்தி அடிக்கடி வருகிறது.

சாமான்கள் அதிகம் வேண்டியதில்லை. பட்டடைக்கல், சம்மட்டி, குறடு, அரம், உளி, இழைப்புளி, வாள், துளைக்கருவி, சாணைக்கல், ஒரு பற்றவைப்பு இயந்திரம் ஆகிய இவ்வளவும் இருந்தால் மண்வெட்டிக்குப் பிடி போடுவது முதல் உழவு இயந்திரத்தின் முறிந்த கொழுவை ஒட்டுவது வரையில் ஊரின் வேலையில் முக்காற்பங்கு முடிந்துவிடும். கடைசல் இயந்திரம் பிறகு வரலாம். கடற்காற்று வீசும் புதுச்சேரியில் கருவிக்கு முதற்சத்துரு துருவே. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி வைக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். யார் எதை எடுத்துச் சென்றார், எப்பொழுது திருப்பினார் என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பொதுப் பட்டறைகள் பல பணமில்லாமல் மூடப்படவில்லை. போன உளி திரும்பாமல் மூடப்பட்டன.

மூன்றாவது, காலப் பங்கீடு. நிலத்துக்கும் பட்டறைக்கும் வேலைக்காலம் முரண்படுவதில்லை. தை அறுவடை முடிந்தபின் மாசி பங்குனியில் வயலில் வேலை குறைவு. அப்பொழுது பட்டறையில் செக்கும், கதவும், வண்டியும், கருவிப் பழுதும் பார்க்கலாம். சித்திரை வைகாசியில் குட்டை தூர் வாரலாம். புரட்டாசி முடிவதற்குள் கரையும் மதகும் சரிபார்த்துவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மண்வெட்டியோடு கரைமீது நடப்பதுதான் வேலை. இவ்வாறு வருஷம் பன்னிரண்டு மாதமும் ஊரிலேயே வேலை கிடைக்குமானால் வாலிபன் நகரத்து வாயிலில் காவற்காரனாக நிற்கப் போக மாட்டான். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது கடலூர் புதுச்சேரிப் பிரதேசங்களில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இத்தகைய சமயத்தில் வாளும் தச்சனும் உள்ள ஊரில் விழுந்த மரம் பலகையாகும். இல்லாத ஊரில் விறகு விலைக்குப் போகும்.

ஆட்சேபங்கள்

இரண்டு ஏக்கர் உள்ளவன் பட்டறை வைப்பது எங்ஙனம் என்பார்கள். அவன் தனியே வைக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஓர் ஏரியின் ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வைக்கலாம். புதுச்சேரிப் பிரதேசத்தில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி உட்பட 84 ஏரிகள் உண்டு. 1999இல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் உதவியோடு தொடங்கிய ஏரிப் புனருத்தாரணத் திட்டத்தில் இவ்வேரிகளுக்குச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. கரையைக் காக்கச் சங்கம் கூடுமானால், கரை வெட்டும் கருவியைக் காக்கவும் அது கூடலாம்.

ஆரோவிலுக்குப் பணம் வெளியிலிருந்து வந்தது. நமக்கு யார் தருவார் என்பது அடுத்த ஆட்சேபம். அங்கு பணம் வந்தது உண்மையே. ஆனால் சரிவுக்குக் குறுக்கே கரை கட்டும் வித்தைக்குப் பணம் காரணமன்று. மத்திய சர்க்கார் 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் 18 வகைக் கைத்தொழிலாளருக்கு 15,000 ரூபாய் மதிப்புள்ள கருவிகளும், 3 லட்ச ரூபாய் வரை கடனும் உண்டு. தனி மனிதனுக்குக் கருவி கொடுக்கும் சர்க்கார், ஊருக்கு ஒரு கொட்டகையும் கொடுக்கும்படி நாம் ஏன் கேட்கலாகாது?

மூன்றாவது ஆட்சேபம் நியாயமானது. அதற்கு மரியாதையாக விடை கூற வேண்டும். பட்டறை, கைத்தொழில் என்றாலே மகன் தகப்பன் தொழிலையே செய்ய வேண்டும் என்னும் குலத்தொழில் முறை திரும்பி வருமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த பள்ளித் திட்டத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும், அத்திட்டம் மறு வருஷமே கைவிடப்பட்டதும் யாவரும் அறிந்தவை. நாம் வேண்டும் பட்டறை அதற்கு நேர் விரோதமானது. கொல்லன் மகன்தான் உலையூத வேண்டும் என்பது ஜாதி. வக்கீல் மகனும் உலையூதக் கற்கலாம், கொல்லன் மகள் மின்சார நுட்பம் கற்கலாம் என்பது பொதுப் பட்டறை. சேரியிலுள்ளவனுக்கும் அதன் கதவு சமமாகத் திறக்க வேண்டும். நிலமில்லாதவனுக்கு அங்கே முதலுரிமை வேண்டும். இந்த நிபந்தனைக்கு உடன்படாத ஊரில் பட்டறை இல்லாமலிருப்பதே மேல்.

தொண்டர்களுக்கு

புதுச்சேரி நகரம் பட்டறை அறியாத நகரமன்று. 1898இல் தோன்றி ரோடியர் ஆலை என்றும் வழங்கப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை பல தலைமுறைகளுக்கு வேலை தந்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி ஸவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் சிந்திய இரத்தத்தின் பயனாக 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. இன்று ஆலைச் சங்கு ஊதுவதில்லை. ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆயினும் அவ்வாலைகளில் இயந்திரத்தின் நாடி பார்க்கக் கற்ற கைகள் இன்னும் இருக்கின்றன. வயோதிகம் அவர்களைக் கொண்டுபோவதற்கு முன் அவர்களை ஆசிரியர்களாக அமர்த்தி வாலிபர்களிடம் அவ்வித்தையை ஒப்படைப்பது அவசர காரியம்.

இவற்றைச் செய்ய வேண்டிய ஸ்தல ஸ்தாபனங்கள் எங்கே? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. அந்த ஸ்தாபனங்களின் காலம் 2011இல் முடிந்தபின் மறுபடியும் பல வருஷங்கள் தேர்தலின்றிக் கழிந்தன. தன் ஏரிக்கரையைப் பற்றித் தீர்மானம் போட ஒரு சபையில்லாத கிராமம், தன் நிலம் மனையாவதை எந்தச் சபையில் எதிர்க்கும்? ஆகையால் அரசியல் தொண்டர்கள் இதைப் பொருளாதார விஷயம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஊராட்சித் தேர்தல் காலந்தவறாமல் நடைபெறக் கிளர்ச்சி செய்வது முதல் வேலை. ஏரி நீர் பாயும் நஞ்சையை மனையாக்க அனுமதியலாகாது என்று வற்புறுத்துவது இரண்டாவது. கொம்யூன் ஒன்றுக்கு ஒரு பொதுப் பட்டறையாவது, புறம்போக்கில் ஏரிக்கு அருகே, சங்கத்தின் பொறுப்பில் அமைக்கும்படி கேட்பது மூன்றாவது. பாகூரில் முதலாவதைத் தொடங்கலாம். அங்கே ஏரியும் இருக்கிறது, உழுபவர்களும் இருக்கிறார்கள்.

மேடையில் சுதேசியம் பேசுவது சுலபம். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியபோது சொல்லோடு நிற்காமல் கப்பலையே கொண்டுவந்தார். இன்று நம் தொண்டர்களிடம் கப்பலை ஒருவரும் கேட்கவில்லை. ஓர் ஏரிக்கரை, அதன் அருகே ஒரு கொட்டகை, அதற்குள் ஓர் உலை, நாலு கருவிகள், அவற்றைத் துடைத்து வைக்க நாலு வாலிபர்கள் ஆகியவற்றையே கேட்கிறோம். வரும் ஐப்பசிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அடுத்த மனைக்கல் நடப்படுவதற்கு முன் நம் தொண்டர்கள் இக்காரியத்தில் இறங்குவார்களாக.